கை நின்ற இடம்

"தலைமாட்டப் புடிங்க மச்சான், நான் காலடியத் தூக்குறன்" என்றான் றிம்சான்.

மர்சூக் பிடித்தான். கட்டில் சீமெந்துத் தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. ஒக்சிசன் மெசினின் குழாய் கட்டில் காலில் மாட்டி இழுபட, சுல்பிகா குனிந்து அதை விடுவித்து, கையில் சுருட்டிப் பிடித்தபடி கட்டிலோடு நகர்ந்தாள். தன்னைத் திருப்புகிறார்கள் என்பது கட்டிலில் கிடந்த வாப்பா மீராமுகைதீனுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கண் பாதி திறந்திருந்தது. காலையில் வந்து பார்த்த டொக்டர், "இனி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலையாதீங்க" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"காக்கா, இன்னும் கொஞ்சம் இஞ்சால விடுங்களன். சுவரோட ஒட்டிட்டு" என்றாள் சுல்பிகா, தன் அண்ணனிடம்.

"கிப்லா அந்தப் பக்கம்தானே இரிக்கி. வலப்பக்கம் சரிச்சி வெச்சா முகம் நேரா இரிக்கும்."

"முகத்துக்கு முன்னால வெறும் சுவர்தான் இரிக்கி."

"சுவரா இரிந்தா என்ன சுல்பி? கிப்லாவப் பாக்கணும். அவ்வளவுதான்."

சாய்ந்தமருதில் அவர்களுடைய தெரு கிழக்கே கடலில் போய் முடிகிறது. மேற்கே கிப்லா, தொழுகையில் முகம் வைக்கிற திசை. மௌத்தாகப் போகிறவரை அந்தத் திசைக்குத் திருப்பி வைப்பது பிள்ளைகளின் கடமை. மர்சூக் கொழும்பிலிருந்து இரவு முழுவதும் பஸ்ஸில் வந்து, முகம்கூடக் கழுவாமல் அந்தக் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

கட்டில் இத்தனை மாதமும் அலுமாரியைப் பார்த்துக் கிடந்தது. அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் சுல்பிகா நிற்க இடம். இப்போது அந்த இடம் வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம்; அவ்வளவுதான் மிச்சம்.

வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கணவன் றிம்சானிடம்கூட இல்லை.

சுல்பிகா பெண்கள் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறாள். வருடா வருடம் மீலாத் போட்டிக்குக் கசீதாக் குழு பழக்குவதும் அவள் பொறுப்பு. மேடையில் இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று நபிபுகழ் பாட, அவள் மேடைக்குக் கீழே நின்று கை காட்டுவாள். வலய மட்டத்தில் வெல்வார்கள். அதற்கு மேல் போனதில்லை. பிள்ளைகளுக்குக் குரல் இருந்தது, உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. ஆனால் முதல் அடி மட்டும் எப்போதும் கிழிந்த துணியின் விளிம்பு மாதிரித்தான் தொடங்கும். நாலு பேர் முந்துவார்கள், மற்றவர்கள் பிந்தி வந்து ஒட்டிக்கொள்வார்கள். "ஒண்டாத் தொடங்குங்க, ஒண்டாத் தொடங்குங்க" என்று அவள் கத்திப் பார்த்தாள். சரிவரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் சுஜித்தா. காரைதீவில் சங்கீத ரீச்சர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் சுல்பிகாவோடு ஒரே அறையில் இருந்தவள். பிள்ளைகள் பழகுவதைப் போனில் படம் எடுத்துவிட்டு, சத்தத்தை முழுதாக அணைத்துப் போட்டுக் காட்டினாள்.

"பாட்டக் கேக்காத. உன்ட கைய மட்டும் பாரு கா."

சுல்பிகா பார்த்தாள். படத்தில் அவள் கை மேலே போனது. மேலே போய், அங்கேயே நின்றது. விரல்கள் மடங்கின. தோள் காதுவரை ஏறியது. பிறகு கை சடாரென்று விழுந்தது.

"மேல போய் நிண்டிட்டுப் பாத்தியா? அந்த நேரம் நீ மூச்சு விடல்ல. நீ விடாட்டி அதுகளும் விடாதுகள். இருவது புள்ளைகளும் தொண்டையப் பூட்டிட்டு நிக்குதுகள்."

"நான் என்னத்துக்கு மூச்சு விடணும்? பாடப் போறது அதுகள்தானே."

"அதுகள் உன்ட வாய்ச் சொல்லக் கேக்கிறல்ல சுல்பி. உன்ட நெஞ்சப் பாக்குதுகள்."

விஷயம் இதுதான். பாட்டு முதல் சொல்லில் தொடங்குவதில்லை. அதற்கு முந்திய மூச்சில் தொடங்குகிறது. ஒரு கூட்டம் ஒன்றாகப் பாட வேண்டும் என்றால் முதலில் ஒன்றாக மூச்சு வாங்க வேண்டும். அந்த மூச்சைச் சொல்லிக் கொடுக்க முடியாது, காட்டத்தான் முடியும். ஒருவர் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவருக்கும் கொட்டாவி வருகிறதே, அதே வழிதான். கை எழும்பும்போது காட்டுகிறவளும் வாயைச் சிறிதாகத் திறந்து, விலாவை விரித்து மூச்சு வாங்கினால், பார்த்துக்கொண்டிருக்கும் நெஞ்சுகள் தாமாக விரியும். கை எவ்வளவு வேகத்தில் எழும்புகிறதோ அந்த வேகத்தில்தான் பாட்டு வரும். முக்கியமானது, கை மேலே போய் நிற்கவே கூடாது. ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் தானாகத் திரும்புகிற மாதிரி, போன மூச்சிலேயே வளைந்து இறங்க வேண்டும். நின்றால் மூச்சும் நிற்கும். நின்ற மூச்சில் குரல் வராது.

சொல்வது லேசு. பல வருடப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றுவது லேசில்லை. சுல்பிகா பாடசாலை விட்டு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள். வீட்டில் ஆளுயரக் கண்ணாடி வாப்பாவின் அறையில் மட்டும்தான் இருந்தது. சத்தமில்லாமல், பாட்டு இல்லாமல், வெறும் கையும் மூச்சும். கட்டிலில் கிடந்த மீராமுகைதீனுக்கு அது நல்ல வேடிக்கை.

"கல்முனைச் சந்தியில ட்ரபிக் பொலிசுக்கு ஆள் பத்தாதாம் புள்ள. போறியா?"

"சும்மா இரிங்க வாப்பா."

"இல்ல, நீ கை காட்டினா நம்மட ஆட்டோக்காரனுகள் நிப்பானுகள் எண்டு நினைக்கன். பயத்தில நிப்பானுகள்."

சிரிப்பு இருமலாக மாறும். இருமல் மூச்சுத் திணறலாக மாறும். மீராமுகைதீன் நெல்லாலையில் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி போட்டுப் போட்டே மூப்படைந்தவர். உமித்தூசும் புகையும் நெஞ்சறையில் போய்ப் படிந்துவிட்டன. அப்படிப்பட்ட நெஞ்சுக்குக் காற்று உள்ளே போவதில்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் போன காற்று வெளியே வருவதில்லை. பழைய காற்று உள்ளேயே அடைபட்டுக் கிடக்கப் புதியதற்கு இடமில்லாமல் போகிறது. பயந்து இன்னும் இன்னும் இழுத்தால் இன்னும் இன்னும் அடைபடும். சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, மெல்ல, நீளமாக வெளியே விட வேண்டும். கிளினிக்கில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மூச்சு முட்டும்போது சொல்லிக் கொடுத்தது யாருக்கு நினைவு வரும்?

ஒரு நாள் அவள் கண்ணாடியில் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குள் பின்னால் தெரிந்த வாப்பாவின் நெஞ்சைக் கண்டாள். அவள் கை எழும்ப அது எழும்பியது. கை இறங்க அதுவும் இறங்கியது. அவள் வேண்டுமென்றே கையை மிக மெதுவாக இறக்கினாள். நெஞ்சும் மெதுவாக, கடைசிவரை இறங்கிற்று. அவர் உதடு குவிந்திருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

அன்றிலிருந்து திணறல் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் எதிரில் வந்து நின்று, தானும் மூச்சு வாங்கி, கையை எழுப்பி, வளைத்து, நீளமாக இறக்குவாள். அவர் கண் அந்தக் கையையே பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிடும். குழுவும் முன்னேறிற்று. பிள்ளைகளின் முதல் அடி இப்போது ஒரே துணியாக வந்தது. சுஜித்தா போனில் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "கை இன்னும் கொஞ்சம் நிக்குது. உனக்குப் பயம் வாற நேரம் மட்டும் நிக்குது" என்றாள்.

வாக்குக் கேட்டது சில கிழமைக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போக முடியாமல் கிடந்த மீராமுகைதீன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் கேட்டுக்கொண்டிருந்தார். உயிர் போகும்போது நாவில் இருக்க வேண்டிய கலிமாவைப் பற்றிப் பேசினார்கள். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"புள்ள, லா இலாஹ இல்லல்லாஹ் எண்டு சொல்லிப் பாரு. உதட்ட அசைக்காமச் சொல்லு."

அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். உதடு சிறிது திறந்தபடியே இருந்தது. நாக்கு மட்டும் உள்ளே புரண்டது. முழுதும் வந்தது. உதடு ஒட்டத் தேவையான ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை. பாட்டுக்காகப் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவள், இதை இதுவரை கவனித்ததில்லை.

மீராமுகைதீன் இரண்டு உதட்டுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு தானும் சொன்னார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"பாத்தியா? மௌத்துக்குக் கிடக்கிறவனுக்கு உதடு தூக்கவும் சீவன் இரிக்காது எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். லேசாக்கி வெச்சிரிக்கான்."

"ஓம் வாப்பா."

"ஆனா மூச்சு வேணுமே புள்ள. ஒரு மூச்சு வேணும். அதுதான் எனக்குப் பயம்." மூக்கில் மாட்டிய மெசின் குழாயை விரலால் சரிசெய்தார். "அந்த நேரம் நீ முன்னால நிண்டு கை காட்டு. மத்தவங்க சொல்லித் தந்தா எனக்குப் புடிக்க ஏலாது. உன்ட கையெண்டா ஒரு மூச்சு எடுத்துருவன்."

"ஏன் இப்ப இதெல்லாம் கதைக்கிறீங்க?"

"காட்டுவியா, இல்லையா?"

"காட்டுறன்."

லுஹர் தொழுகை நேரம் நெருங்க அறை நிரம்பிவிட்டது. சொந்தக்காரர் வந்தார்கள், அடுத்த வீட்டார் வந்தார்கள். ஆண்கள் தலைமாட்டில், பெண்கள் வாசல் நிலையில். வாப்பாவின் தங்கை ஹப்ஸா மாமி கால்மாட்டில் இருந்து யாஸீன் ஓதினாள். இடையிடையே நிறுத்தி, "மின்விசிறிய இந்தப் பக்கம் திருப்புங்கடா, மனிசன் வேர்த்துக் கிடக்கார்" என்று அதட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஓதினாள்.

மர்சூக் தலைமாட்டில் குனிந்து வாப்பாவின் காதருகே கலிமாவைச் சொல்லத் தொடங்கினான். நல்ல உரத்த குரல். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். ஒன்று முடிய முன்பே அடுத்தது.

சுல்பிகா வாசல் நிலையில் நின்று கேட்டாள். கூட்டமாகச் சொல்லும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் மூச்சு வாங்குவார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவரின் குரல் நிரப்பிவிடும். அதனால் சத்தம் எங்கும் அறுவதில்லை. கசீதாவில் அது நல்லது. நீண்ட அடிகளை அப்படித்தான் பாடவைக்கிறாள். ஆனால் படுத்துக் கிடக்கிறவர் இதற்குள் எங்கே நுழைவார்? அக்கரைப்பற்று ரோட்டில் நிற்காமல் போகிற பஸ்ஸில் ஒரு நோயாளி எப்படி ஏறுவார்? வாப்பாவின் தோள் மூன்று தரம் சின்னதாக ஏறி இறங்கி, பிறகு அசையாமல் கிடந்து, பிறகு மறுபடி ஏறுவதை அவளால் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தரம் ஏறும்போதும் அவர்கள் கலிமாவின் நடுவில் இருந்தார்கள். அவர் வந்துசேர முன்பு அடுத்ததைத் தொடங்கினார்கள்.

அவள் ஆண்களை விலக்கிக்கொண்டு மர்சூக்கிடம் போனாள்.

"காக்கா, ஒருக்காச் சொல்லிட்டு விடுங்க. வாப்பாக்கு இடம் குடுங்க."

"என்ன?"

"ஒருக்கா மெல்லச் சொல்லிட்டுப் பொறுக்கணும். பள்ளி ஹஸ்ரத்மாரும் அப்பிடித்தானே சொல்லித் தாற."

"நிப்பாட்டச் சொல்றியா?" அவன் கண் சிவந்திருந்தது. "நிப்பாட்டிட்டு என்ன செய்யிற, பாத்துக்கொண்டு நிக்கிறதா?"

"நான் வாப்பாக்கு முன்னால போறன். கை காட்டச் சொன்னவங்க. என்னட்டத்தான் கேட்டவங்க."

"கையா?" அவன் குரல் அவனையும் மீறி ஏறியது. "உயிர் போற சக்கறாத்து நேரத்திலயுமா சுல்பி உன்ட பாட்டு வேல?"

நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். றிம்சான் மட்டும், "மச்சான், அவ சொல்றதையும் கொஞ்சம்..." என்று தொடங்கி விட்டுவிட்டான். மர்சூக் மறுபடி காதருகே குனிந்தான். அவன் கோபத்தில் பேசவில்லை என்பது சுல்பிகாவுக்குத் தெரியும். எட்டு மாதமாக வாப்பாவைப் பார்க்காதவன் அவன். சத்தம் அறுந்தால் அந்த இடைவெளியில் வாப்பா போய்விடுவார் என்று பயந்தான். அந்தப் பயத்தை அவளால் எந்தக் கையாலும் இறக்க முடியாது.

அவள் கால்மாட்டுக்குப் போய், ஹப்ஸா மாமியின் முழங்காலைத் தாண்டி, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்தாள். சுவரின் சுண்ணாம்பு அபாயாவில் ஒட்டியது. வாப்பாவின் முகத்துக்கு நேரே வந்ததும் முழங்காலை மடித்து இறங்கினாள். இறங்க இடம் போதாமல் முதுகு சுவரில் உரசிற்று.

"என்னகா செய்றாய் மனே, அதுக்குள்ள போய்!" என்றாள் ஹப்ஸா மாமி.

வாப்பாவின் முகம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண் சுவரைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அவள் கையைத் தூக்கிய உடனே, கண் கையில் வந்து பிடித்தது.

அவருக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

தோள் சின்னதாக மூன்று தரம் ஏறி இறங்கி அசையாமல் கிடந்த நேரம் அது. அடுத்த மூச்சு இனித்தான் வரவேண்டும். அவள் காத்திருந்தாள். தலைக்கு மேலே மர்சூக்கின் குரலும் மற்றக் குரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைக் காதில் விடவில்லை. வாயைச் சிறிது திறந்தாள். விலாவை விரித்தாள். மூச்சு வாங்கியபடி கையை எழுப்பினாள். மெல்ல, அவருக்கு ஏறக்கூடிய வேகத்தில்.

மீராமுகைதீனின் நெஞ்சு எழும்பியது. காலையிலிருந்து எழும்பாத அளவுக்கு எழும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. நாக்கு அசைவதை அவள் பார்த்தாள். மூச்சு நிறைந்துகொண்டிருந்தது. ஒரு கலிமாவுக்குப் போதுமான மூச்சு.

இதுதான் கடைசி என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அவள் கை மேலே போய் நின்றது.

ஏன் நின்றது என்று யோசிக்கவும் நேரம் இருக்கவில்லை. விரல்கள் மடங்கியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது. தான் மூச்சு விடவில்லை என்பது நெஞ்சு நோகத் தொடங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவருடைய மூச்சும் மேலேயே நின்றது. கண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் கையை இறக்கினாள். வளைத்து அல்ல, சடாரென்று.

மீராமுகைதீனின் உதடு இரண்டும் ஒட்டின. ஒட்டிப் பிரிந்தன. காற்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"சொல்லிட்டாங்க!" என்றான் மர்சூக். "சொல்லிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்! உதடு அசஞ்சிச்சி, கண்டீங்களா? உதடு அசஞ்சிச்சி!"

"ஓம், நானும் கண்ட" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"கலிமாவோட போயிட்டார்" என்று ஹப்ஸா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்ட காக்கா கலிமாவோட போயிட்டார்."

இன்னாலில்லாஹி என்ற குரல் அறை முழுதும் எழுந்தது. மர்சூக் குனிந்து வாப்பாவின் கண்ணை மூடினான். தாடையைச் சீலையால் கட்டுவதற்கு யாரோ துணி கிழித்தார்கள். றிம்சான் மெசினை நிறுத்தினான். மாதக்கணக்காக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நின்றபோது அடுத்த வீட்டுக் கோழிகூடக் கேட்டது.

சுல்பிகா சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் அப்படியே இருந்தாள். உதடு ஒட்டியது. அவள் ஒரு சாண் தூரத்தில் இருந்து பார்த்தாள். உதடு ஒட்டுகிற எழுத்து அந்தக் கலிமாவில் இல்லை. விரலை வைத்துக்கொண்டுகூடச் சொல்லலாம் என்று காட்டிச் சிரித்தவர் அவர். அவளை அவர் கூப்பிடுகிற புள்ள என்ற சொல்லுக்குத்தான் முதலில் உதடு ஒட்ட வேண்டும்.

"வெளிய வா மகள், குளிப்பாட்ட எடுக்கணும்" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி சொன்னார்கள். நெல்லாலை மீராமுகைதீன் என்று சொன்னால்தான் ஊருக்கு விளங்கும், அப்படியே சொன்னார்கள். அஸர் தொழுகையோடு ஜனாஸா. பின்னேரத்துக்குள் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்க்க விட்டார்கள். கட்டிய தாடைக்கு மேலே உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன.

வந்தவர்களிடமெல்லாம் மர்சூக் அதையே சொன்னான். "ஒரு பெரிய மூச்செடுத்து, கலிமாவச் சொல்லி, அப்பிடியே அடங்கிட்டாங்க." ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. கேட்டவர்கள் "மாஷா அல்லாஹ், எல்லாருக்கும் கிடைக்காத மௌத்து" என்று அவன் தோளைத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், "இப்பிடி ஒரு மகன் தலைமாட்டில இரிந்தா ஏன் கிடைக்காது" என்றார்.

சந்தூக்கைத் தூக்க முன்பு அவன் குசினிக்கு வந்தான். சுல்பிகா தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். அவன் குத்துக்காலிட்டு அவளுக்கு முன்னால் இருந்தான். சட்டையில் சந்தனமும் கற்பூரமும் மணத்தன.

"சுல்பி."

அவள் நிமிர்ந்தாள்.

"காலையில நான் கதச்சத மனசில வெச்சிக்காத."

"ஒண்டும் இல்ல காக்கா."

அவன் போகவில்லை. சாரனின் ஓரத்தை விரலால் சுருட்டினான்.

"நான் தலைமாட்டில நிண்ட. எனக்கு வாய் சரியாத் தெரியல்ல. நீதான் முன்னால இரிந்த." குரல் இறங்கியிருந்தது, காலையில் கேட்ட குரல் மாதிரியே இல்லை. "சொன்னாங்கதானே?"

அவன் வாய் சிறிது திறந்திருந்தது. மூச்சு விடாமல் இருந்தான். அவளுக்கு அது தெரிந்தது. பல மாதமாக அதை மட்டும்தான் பார்க்கப் பழகியிருந்தாள்.

"ஓம் காக்கா" என்றாள். "சொன்னாங்க."

அவன் நெஞ்சு மெல்ல, நீளமாக இறங்கியது. அவள் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு எழுந்து போனான். வெளியே சந்தூக்கைத் தூக்கினார்கள். தெரு முனைவரை கலிமாச் சத்தம் கேட்டது. அங்கே திரும்பியதும் கேட்கவில்லை.

சுஜித்தாவின் போன் இரண்டு தரம் அடித்தது. சுல்பிகா எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், பாடசாலை விட்ட நேரம், கசீதாக் குழுப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாக இருபது பேர். செருப்புகளை வாசலில் நிரையாகக் கழற்றி வைத்துவிட்டு ஹோலில் பாயில் ஒட்டி ஒட்டி இருந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

ஹப்ஸா மாமி தட்டில் பிளேன்ரீ கொண்டுவந்தாள். "சீனி போட்டிரிக்கி, குடிங்க. உங்கட ரீச்சரிட வாப்பா எப்பிடி மௌத்தான எண்டு தெரியுமா? கலிமாவச் சொல்லி, உதடு அசஞ்சி அசஞ்சி..." மூன்று நாளில் உதடு பல தரம் அசைந்திருந்தது.

"மாமி, அவங்க குடிக்கட்டும்" என்றாள் சுல்பிகா.

குழுவின் தலைவி சஹ்லா கோப்பையைக் கீழே வைத்தாள். மற்றவர்கள் அவள் இடுப்பில் இடித்தார்கள். பேச வேண்டியவள் அவள்தான் என்று வரும் வழியிலேயே தீர்மானித்திருப்பார்கள்.

"ரீச்சர், போட்டி அடுத்த கிழம. பெரிய ரீச்சர் சொன்னாங்க, நீங்க வர ஏலாட்டி வேற ஆள் கை காட்டுவாங்களாம்."

"ஓம். அது நல்லம்."

"எங்களுக்கு ஏலாது ரீச்சர். நேத்துப் பழகினம். திரும்பவும் முந்திப் பிந்தி வருது. பழைய மாதிரி."

"பழகப் பழகச் சரிவரும்."

"நீங்க வாறீங்களா?"

சுல்பிகா அறைப் பக்கம் பார்த்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலை மறுபடி பழைய மாதிரித் திருப்பி வைத்திருந்தார்கள். மெத்தையை வெயிலில் போட்டிருந்ததால் வெறும் பலகை தெரிந்தது. அதற்கு அப்பால் அலுமாரிக் கண்ணாடியில் ஹோலின் ஒரு பகுதியும், வெள்ளை முக்காடுகள் சிலவும் தெரிந்தன.

மின்விசிறிக் காற்றில் அவளுடைய முக்காடு பின்னால் வழுகியது. இழுத்துவிடுவதற்காக அவள் வலது கையைத் தூக்கினாள்.

ஹோலில் ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். இருபது பிள்ளைகளும் ஒன்றாக மூச்சு வாங்கியிருந்தார்கள். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. வாய்கள் சிறிது திறந்திருந்தன. கண்கள் எல்லாம் அவள் கையில்.

கை மேலேயே நின்றது.

பிள்ளைகள் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.